டின்னின் மீது போடும் பழி

பியர் கிட் என்பது ஹாப்ஸ் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய மால்ட் சாறு அடைத்த டின். பெரும்பாலான டின்களில் 1.7 கிலோ அளவுக்குச் சாறு இருக்கும். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் 7 கிராம் உலர் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று கிடைக்கும். சாற்றை வெந்நீரில் கரைத்து, 1 கிலோ சீனி போட்டு, தண்ணீர் ஊற்றி 23 லிட்டராக்கி, ஈஸ்ட்டைத் தூவி மூடிவைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பியரைப் புட்டியில் அடைக்கலாம் என்பது லேபிள் தரும் வாக்குறுதி. பிரிட்டனில் 1963ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் வீட்டு பியருக்கு உரிமம் வாங்க வேண்டிய கட்டாயத்தை நீக்கினார். ஆஸ்திரேலியாவில் 1970களின் தொடக்கத்தில் சட்டம் தளர்ந்தது. இரண்டு நாடுகளிலும் சாதாரண வீடுகளுக்குள் பியர் தயாரிப்பைக் கொண்டுபோனதில் இந்த டின்னுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்த டின்களிலேயே அதிகம் வசை வாங்குவது லாகர் டின், அதாவது குளிரில் நொதித்து, குளிரிலேயே பக்குவப்படும் பியருக்கான டின். ‘கிட்டில் நல்ல லாகர் வராது; தானியத்தை வாங்கி, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்துக் காய்ச்சும் முழுத்தானிய முறைக்குப் போனால்தான் குடிக்கத் தக்க லாகர் கிடைக்கும்’ என்பது இத்துறையில் வேதவாக்கு போலச் சொல்லப்படுகிறது. அதற்கு மூன்று காரணங்கள் காட்டப்படுகின்றன. மால்ட் சாற்றுக்கே நீங்காத ஒரு ‘கிட் வாடை’ உண்டு என்பது முதலாவது. லாகர் மென்மையான பியர், சிறு குறையையும் அது மறைக்காது என்பது இரண்டாவது. முழுத்தானியத்துக்கு மாறியவர்களின் லாகர் கண்கூடாக மேம்பட்டிருக்கிறது என்பது மூன்றாவது. இவற்றில் இரண்டாவது உண்மை. முதலாவது பெரும்பாலும் தவறு. மூன்றாவது, சரியான சான்றிலிருந்து தவறாக எடுத்த முடிவு. கிட் லாகரைக் கெடுப்பவை சீனி, ஈஸ்ட்டின் அளவு, வெப்பம், அவசரம், தண்ணீர் ஆகியவை. இவை எல்லாமே டின்னுக்கு வெளியே இருப்பவை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

முதலில் டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மால்ட் சாறு ஆய்வகத்தில் கலந்த செயற்கைப் பொருள் கிடையாது. ஆலையில் பார்லி மால்ட்டை உடைத்து, குறிப்பிட்ட வெப்பத்தில் வெந்நீரில் ஊறவைத்து, மாவுச்சத்தை மால்ட்டின் நொதிகளே சர்க்கரையாக மாற்றும்படி விட்டு, சாற்றை வடிக்கிறார்கள். முழுத்தானியக்காரர் வீட்டில் செய்வதும் இதையேதான். அந்தச் சாற்றைக் காற்றழுத்தம் குறைந்த கலனில், தாழ்ந்த வெப்பத்தில் நீர் வற்றவைத்து, எடையில் ஐந்தில் நான்கு பங்கு திடப்பொருள் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக்குவது மட்டுமே கூடுதல் வேலை. ஊறலின் வெப்பம், அமிலத்தன்மை, வடிகட்டல் ஆகியவற்றில் புதியவர் செய்யக்கூடிய பிழைகள் ஆலையிலேயே தவிர்க்கப்பட்டுவிடுகின்றன. லாகர் தயாரிப்பில் பாதி வழியைப் பயிற்சி பெற்ற கைகள் கடந்து கொடுத்துவிட்டன என்பதே டின்னின் பொருள்.

கெடுதல் தொடங்குவது லேபிளின் அடுத்த வரியில்: ‘1 கிலோ சீனி சேர்க்கவும்.’ 1.7 கிலோ சாற்றில் திடப்பொருள் ஏறக்குறைய 1.36 கிலோ. அதோடு 1 கிலோ வெள்ளைச் சீனி சேரும்போது மொத்தக் கரைபொருளில் 42 சதவீதம் சீனியாகிவிடுகிறது. மால்ட்டின் திடப்பொருளில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் உண்ண முடியாது. அதுதான் பியருக்கு உடம்பைத் தருகிறது. சீனியோ முழுவதும் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடும். அப்படியானால் இந்தப் பியரின் ஆல்கஹாலில் ஏறக்குறைய பாதி கரும்பிலிருந்து வந்தது. அதன் நுரை நிற்காது, நாக்கில் கனம் இருக்காது, மால்ட்டின் மணம் பெயருக்குத்தான் இருக்கும். இதைக் குடித்துவிட்டு ‘மால்ட் சாறு சரியில்லை’ என்று தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது. அந்தக் கோப்பையில் மால்ட் சாறே போதிய அளவு இல்லை.

சீனியே நஞ்சு என்று எதிர்ப்பக்கம் ஓடுவதும் தவறு. பெல்ஜிய மடாலய பியர்களில் சீனி சேர்ப்பது பழைய வழக்கம். ஆஸ்திரேலியாவின் பெரிய ஆலைகள் தம் லாகரில் கரும்புச் சீனியை நெடுங்காலமாகச் சேர்த்து வருகின்றன. அவர்களின் பியரில் ஆப்பிள் சாற்றை நினைவூட்டும் வாடை வருவதில்லை. வீட்டு பியரில் வரும் அந்த வாடைக்குச் சீனியின் இயல்பைக் காரணம் சொல்லிப் பயனில்லை. சீனியில் ஈஸ்ட் வளரத் தேவையான நைட்ரஜன் சத்து எதுவும் கிடையாது. பாதிக்கு அருகில் சீனியைக் கொட்டி, போதாத ஈஸ்ட்டை, தகாத வெப்பத்தில் வேலை வாங்கினால் அது திணறும். திணறும் ஈஸ்ட் விட்டுச்செல்லும் அசிட்டால்டிஹைடுதான் பச்சை ஆப்பிள் வாடையாக மூக்கில் ஏறுகிறது.

இதற்குத் தீர்வு எளிது. 1 கிலோ சீனிக்குப் பதிலாக, ஹாப்ஸ் சேராத வெளிர் உலர் மால்ட் தூள் 1 கிலோ போடலாம். 23 லிட்டருக்குப் பதிலாக 20 லிட்டரில் நிறுத்தினால் தொடக்க அடர்த்தி 1.044 அளவுக்கு வரும். பில்ஸ்னர் வகை லாகருக்கு அது பொருந்தும். தண்ணீர் குறைவதால் டின்னில் ஏற்கெனவே உள்ள கசப்பும் சற்றுக் கூர்மை பெறும்.

அடுத்தது ஈஸ்ட். பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இருக்கும் சிறு பொட்டலத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். லேபிளில் பெரிய எழுத்தில் லாகர் என்று இருக்கும் பல டின்களில், இந்தப் பொட்டலத்தில் இருப்பது, லாகரைவிடக் கூடுதல் வெப்பத்தில் நொதிக்கும் ஏல் என்ற பியர் வகைக்கான ஈஸ்ட். அறை வெப்பத்தில், யார் வீட்டிலும், எப்படியாவது நொதித்து முடிக்க வேண்டும் என்பதற்காக உற்பத்தியாளர் எடுத்த முடிவு அது. வணிக நோக்கில் அதில் தவறில்லை. ஆனால் லாகரை லாகராக்கும் உயிர் வேறு. அது சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ். ஏல் ஈஸ்ட்டும், குளிரைத் தாங்கும் யூபயானஸ் என்ற காட்டு ஈஸ்ட்டும் கலந்து பிறந்த இனம். அந்தக் காட்டு மூதாதையை அர்ஜென்டினாவின் பட்டகோனியக் காடுகளில் கண்டறிந்ததாக 2011இல் அறிவியலாளர்கள் அறிவித்தார்கள். லாகர் ஈஸ்ட்டை ஒரே உயிரணுவிலிருந்து தூய்மையாக வளர்க்கும் முறையை 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் நிலைநாட்டினார். அந்த இனத்தையே சேர்க்காமல் தயாரித்த பியர் லாகர் போல இல்லை என்று குறைப்படுவதில் பொருளில்லை.

இனத்தைப் போலவே எண்ணிக்கையும் முக்கியம். குளிரில் ஈஸ்ட் மெதுவாக இயங்கும்; அதனால் ஏலுக்குத் தேவையானதைப் போல இரு மடங்கு ஈஸ்ட் லாகருக்கு வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு டிகிரி பிளேட்டோ அடர்த்திக்கு (அதாவது சாற்றின் எடையில் ஒரு சதவீதக் கரைபொருளுக்கு), 15 லட்சம் உயிரணுக்கள் என்பது ஆலைகளில் பழகிவந்த கணக்கு. 23 லிட்டருக்கு, 10 டிகிரி அடர்த்தியில், இது 34,500 கோடி உயிரணுக்களாகிறது. உலர் ஈஸ்ட்டில் கிராமுக்கு 2,000 கோடி உயிரணுக்கள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 7 கிராம் பொட்டலத்தில் 14,000 கோடிதான் தேறும். தேவையில் பாதிகூட இல்லை. அந்தப் பொட்டலம் வெயிலில் நின்ற வண்டியிலும், பல மாதம் கடை அலமாரியிலும் இருந்திருந்தால் எண்ணிக்கை இன்னும் குறையும். ஜெர்மனியின் வைஹென்ஸ்டெஃபான் மரபில் வந்த டபிள்யூ 34/70 என்ற உலர் லாகர் ஈஸ்ட்டுக்கு 100 லிட்டருக்கு 80 முதல் 120 கிராம் என்பது தயாரிப்பாளர் சொல்லும் அளவு. 23 லிட்டருக்கு அது 18 முதல் 28 கிராம். அதாவது 11.5 கிராம் பொட்டலங்கள் இரண்டு. கிட் லாகரைத் திருத்தும் வழிகளில் இந்த இரண்டு பொட்டலங்களுக்கு ஈடான பலன் தருவது வேறெதுவும் இல்லை.

மூன்றாவது வெப்பம். லாகர் குளிரில் பிறந்த பியர். பவேரியாவில் 1553இல் ஐந்தாம் ஆல்பிரெக்ட் பிறப்பித்த ஆணை, செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பியர் தயாரிக்க அனுமதித்தது. கோடையில் தயாரித்த பியர் கெட்டுப்போவதைப் பட்டறிந்து போட்ட ஆணை அது. குளிர்கால வெப்பத்தில் தழைத்த ஈஸ்ட்தான் அங்கே நிலைத்தது. 1870களில் கார்ல் வான் லிண்டெயின் குளிர்பதன இயந்திரம் மியூனிக் ஆலைகளுக்குள் வந்த பிறகுதான் ஆண்டு முழுவதும் லாகர் தயாரிப்பது எளிதாயிற்று. இத்தனை வரலாறு கொண்ட பியரை 24, 25 டிகிரி வெப்பமுள்ள சமையலறை மூலையில் வைத்துவிட்டுப் பழத்தின் வாடையும் சாராய நெடியும் வருவதற்கு டின்னைக் காரணம் சொல்கிறார்கள். நொதித்தல் தானே வெப்பத்தை உண்டாக்கும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். நுரை பொங்கி நிற்கும் நாட்களில் வாளிக்குள் இருக்கும் வெப்பம் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். சுவரில் மாட்டிய வெப்பமானி 22 காட்டும்போது ஈஸ்ட் 25இல் வெந்துகொண்டிருக்கிறது.

12 டிகிரியை எட்ட முடியாதவர் லாகர் பக்கமே வரக் கூடாது என்ற கடும் விதியும் ஏற்கத்தக்கதன்று. சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்த ஸ்டீம் பியர், லாகர் ஈஸ்ட்டை ஏலுக்கு நெருங்கிய வெப்பத்தில் நொதிக்கவைத்த மரபு. டபிள்யூ 34/70 போன்ற இனங்கள் 15, 16 டிகிரியிலும் சுத்தமாகவே வேலை செய்கின்றன. ஏற்ற இறக்கம் இல்லாமல், முதல் நான்கு நாட்கள் கட்டுக்குள் வைத்திருப்பதே முக்கியம். பெரும்பாலான மணப்பொருட்கள் உருவாவது ஈஸ்ட் பெருகும் அந்த நாட்களில்தான். பழைய குளிர்ப்பெட்டி ஒன்றும், அதன் மின்சாரத்தைத் தானாக இணைத்துத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் கருவி ஒன்றும் இருந்தால் போதும். கருவியின் உணர்முனையை வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே பஞ்சோ துணியோ வைத்துக் கட்டினால் அது பெட்டியின் காற்றை விட்டுப் பியரின் வெப்பத்தை அளக்கும். இங்கே கிட்டுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. முழுத்தானியக்காரர் இருபது லிட்டர் கொதிக்கும் சாற்றைக் குளிர்விக்கப் போராட வேண்டும். கிட் தயாரிப்பவர் சாற்றை இரண்டு லிட்டர் வெந்நீரில் கரைத்து, மீதியைக் குளிர்ப்பெட்டியில் வைத்த தண்ணீரால் நிரப்பினால், ஈஸ்ட் தூவும் முன்பே லாகருக்குரிய குளிர்ச்சியை நெருங்கிவிடலாம்.

நான்காவது அவசரம். லேபிளை நம்பி ஒரு வாரத்தில் புட்டியில் அடைத்த லாகரில் வெண்ணெய் உருகும் வாடை வந்தால், அது டயாசெட்டில். ஈஸ்ட் வளரும்போது வெளியிடும் ஒரு பொருள் பியரில் தானாக டயாசெட்டிலாக மாறுகிறது. பின்னர் ஈஸ்ட்டே அதைத் திரும்ப உள்ளிழுத்து மணமற்றதாக்குகிறது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே பலரின் நாக்கு கண்டுபிடித்துவிடும். நொதித்தல் முடியும் தறுவாயில் வெப்பத்தை 16, 18 டிகிரிக்கு உயர்த்தி இரண்டு மூன்று நாட்கள் விட்டால் ஈஸ்ட் தன் குப்பையைத் தானே அள்ளிவிடும். வேலை முடிந்ததா என்று அறிய ஒரு சோதனை போதும். இரண்டு சிறு குப்பிகளில் பியரை எடுத்து, ஒன்றை மூடி 60 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து ஆறவிட வேண்டும். மற்றது அப்படியே இருக்கட்டும். இரண்டையும் முகர்ந்து பார்க்கும்போது, சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வாடை எழுந்தால், மறைந்திருக்கும் சரக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. ஈஸ்ட்டுக்கு மேலும் சில நாள் தர வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் சுத்தமாக இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அந்த அடுத்த கட்டம்தான் லாகர் என்ற பெயருக்கே உரியது: 0 முதல் 4 டிகிரி வரையிலான குளிரில் மூன்று முதல் ஆறு வாரம் கிடத்துவது. லாகர் ஈஸ்ட் இயல்பாக வெளியிடும் அழுகிய முட்டை போன்ற கந்தக வாடை இந்த வாரங்களில் மங்கும். கலங்கல் அடியில் படியும்; கசப்பின் முரட்டுத்தனம் தணியும். இதற்காகப் பியரை வேறு வாளிக்கு மாற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரையைக் கைவிடலாம். வீட்டு அளவில், குளிரில், சில வாரம் ஈஸ்ட் வண்டலின் மேல் இருப்பதால் தீங்கு வருவதில்லை. மாற்றும்போது கலக்கும் காற்றுதான் தீங்கு. நொதித்து முடிந்த பியரில் புகும் ஆக்சிஜன் நனைந்த அட்டையின் சுவையைக் கொண்டுவரும். ஹைட்ரோமீட்டர் மூன்று நாட்கள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகே புட்டியில் அடைக்க வேண்டும். முன்னதாக அடைத்தால் புட்டி வெடிக்கக்கூடும். லிட்டருக்கு 6, 7 கிராம் சீனி, நுரைக்குப் போதும்.

ஐந்தாவது, குழாய்த் தண்ணீர். குடிநீரில் கிருமி நீக்கச் சேர்க்கும் குளோரினும் குளோரமைனும் பியரிலுள்ள பீனால்களோடு சேர்ந்தால் குளோரோபீனால் உண்டாகும். மருந்துக்கடை வாடை, காயத்தில் ஒட்டும் பிளாஸ்திரி வாடை என்று பலர் சொல்வது இதைத்தான். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். தண்ணீரை இரவு முழுக்கத் திறந்துவைத்தால் குளோரின் ஓரளவு பறந்துவிடும், குளோரமைன் அசையாது. மெட்டாபைசல்ஃபைட் அடங்கிய கேம்ப்டன் மாத்திரை ஒன்று ஏறக்குறைய 75 லிட்டர் தண்ணீரில் உள்ள இரண்டையும் சில நிமிடங்களில் நீக்கும். 23 லிட்டருக்கு அரை மாத்திரையே தாராளம். ‘கிட் வாடை’ என்று ஆண்டுக்கணக்கில் பெயர் சூட்டப்பட்டதில் ஒரு பகுதி, சில காசு பெறும் இந்த அரை மாத்திரையில் தீரக்கூடியது.

இப்போது மூன்றாவது வாதம்: ‘தானியத்துக்கு மாறினேன், லாகர் மேம்பட்டது.’ அனுபவம் பொய்யன்று. ஆனால் அது எதை மெய்ப்பிக்கிறது? முழுத்தானியத்துக்கு மாறுபவர் தானியத்தை மட்டும் மாற்றுவதில்லை. சீனியை விட்டுவிடுகிறார். டின்னோடு வந்த பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு லாகர் ஈஸ்ட்டை இரண்டு மடங்காக வாங்குகிறார். குளிர்ப்பெட்டியும் தெர்மோஸ்டாட்டும் வாங்குகிறார். தண்ணீரைப் பற்றிப் படிக்கிறார். இவ்வளவு செலவும் உழைப்பும் போட்டபின் ஒரு வாரத்தில் புட்டியில் அடைக்க அவருக்கே மனம் வராது. ஐந்தாறு மாற்றங்கள் ஒரே நாளில் நடக்க, பெருமை முழுவதும் தானியத்துக்குப் போகிறது. காரணத்தைத் தனியே பிரித்தறிய வேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஒரே டின்னின் சாற்றை இரு வாளிகளில் பிரித்து, ஒன்றில் டின்னின் ஈஸ்ட்டையும் மற்றொன்றில் போதிய லாகர் ஈஸ்ட்டையும் இட்டு, ஒரே குளிரில் வைத்துப் பார்க்கலாம். பின் மூன்று கோப்பைகளில், இரண்டில் ஒரே பியரையும் ஒன்றில் மற்றதையும் ஊற்றி, எது எது என்று சொல்லாமல், மாறுபட்டதைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். உணவுத் தொழிலில் சுவை ஆய்வுக்குப் பயன்படும் முறை இது. இந்தச் சோதனையைச் செய்யாமல் டின்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வழக்கை விசாரிக்காமல் தண்டனை தருவதாகும்.

எதிர்த்தரப்பில் மறுக்க முடியாத பகுதியும் உண்டு. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கெட்டிச் சாறு நாள்பட்டால் கறுக்கும். சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து கருகல், மை போன்ற பழஞ்சுவையை உண்டாக்கும். சூடான கிடங்கில் இருந்த பழைய டின்னை எந்த ஈஸ்ட்டாலும் காப்பாற்ற முடியாது. ஆனால் இது சாறு பழையதாகியதன் குறை. வாங்கும்போது டின்னின் தேதியைப் பார்ப்பதே மருந்து. கிட்டில் கசப்பு இருக்கும், ஹாப்ஸின் மணம் இருக்காது என்பதும் உண்மை; சாற்றை வற்றவைக்கும்போதே அது ஆவியாகிவிடுகிறது. பொஹீமியாவின் ஷாட்டெட்ஸ் வட்டாரத்து சாஸ் ஹாப்ஸோ, பவேரியாவின் ஹாலர்டாவ் ஹாப்ஸோ 20, 30 கிராம் எடுத்து, கொதி அடங்கிய வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து வடிகட்டிச் சேர்த்தால் அந்த மணம் திரும்பும். டின்னின் சாற்றை மீண்டும் நெடுநேரம் கொதிக்கவைப்பதால் நிறம் கறுப்பதைத் தவிரப் பயன் இல்லை. விரும்பிய மால்ட்டைத் தேர்வதும், ஊறல் வெப்பத்தை மாற்றி பியரின் உடம்பைக் கூட்டிக் குறைப்பதும், 1842இல் பில்சனில் ஜோசப் க்ரோல் தயாரித்தது போன்ற வைக்கோல் நிறத்தை எட்டுவதும் முழுத்தானிய முறையில்தான் முழுமையாகக் கைகூடும். அந்தத் தேர்ச்சியை நாடுவோர் அதை நாடட்டும்.

ஆனால் குறை சொல்லப்படும் கிட் பியரைத் திருத்துவதற்கு முழுத்தானியத்துக்குத் தாவ வேண்டியதில்லை. பணத்தையும் உழைப்பையும் எந்த வரிசையில் செலவிட வேண்டும் என்பதும் இதிலிருந்து தெளிவாகிறது. முதலில் சீனிக்குப் பதில் மால்ட் தூளும் தண்ணீருக்கு அரை மாத்திரையும். இவை இன்றே செய்யக்கூடியவை. அடுத்து, போதிய லாகர் ஈஸ்ட். அதற்கடுத்து, வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கும் பழைய குளிர்ப்பெட்டி. பின் பொறுமை. ஹாப்ஸின் மணம் அதற்கும் பின். இவை எல்லாம் கைக்கு வந்தபிறகும் ஏதோ குறைகிறது என்று நாக்கு சொன்னால் மட்டுமே மால்ட்டை உடைக்கும் இயந்திரத்தை வாங்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, தானியத்தை முதலில் வாங்கிக் குளிர்ப்பெட்டியைக் கடைசிக்குத் தள்ளுபவர், அதே பழ வாடையையும் அதே வெண்ணெய் வாடையையும் கூடுதல் செலவில் தயாரிப்பார். ஈஸ்ட்டும் வெப்பமும் சரியாக அமையாத இடத்தில் டின்னும் தோற்கும், தானியமும் தோற்கும்.